கண்ணாடி துடைக்கும் வேனுக்கும் சாமான்களுக்கும் இன்சூரன்ஸ்: ராமநாதபுரக் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் லாட்ஜுகளின் கடல் பார்த்த ஜன்னல்கள், ராமநாதபுரத்து ஜவுளிக்கடை முகப்புகள், கீழக்கரையின் பெரிய வீடுகள். இவை எல்லாவற்றிலும் கடற்காற்று சில நாட்களிலேயே உப்புப் படலத்தை ஏற்றிவிடுகிறது. அதைத் துடைப்பதை மாத ஒப்பந்தமாக எடுத்துச் செய்கிறவர்கள் மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் பக்கங்களிலிருந்து என்னிடம் பாலிசி எடுக்க வருகிறார்கள். நான் பொதுக் காப்பீட்டு முகவர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

என்னிடம் வெள்ளை போர்டு ஆம்னி இருக்கிறது. அதிலேயே ஏணியையும் வாளியையும் ஏற்றிக்கொண்டு போனால் போதாதா?

போலீஸ் நிறுத்தாத வரை போதும். விபத்து நடந்த அன்று போதாது.

தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி இருக்கும். யாரும் படிப்பதில்லை. வாடகைக்கு ஓட்டுவது, பந்தயத்துக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது ஆகியவற்றுக்குப் பாலிசி பொருந்தாது என்று அதில் எழுதியிருக்கும். மாதிரிப் பொருள்களும் சொந்தப் பெட்டி படுக்கையும் மட்டும் சரக்குக் கணக்கில் சேராது. தொழிலுக்கான ஏணி, தண்ணீர்த் தொட்டி, பிரஷர் வாஷர் ஆகியவற்றை, நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிட வரும் எந்த சர்வேயரும் பெட்டி படுக்கை என்று எழுத மாட்டார். வண்டி நசுங்கிக் கிடக்கும்போது பின்புறம் இருந்த சாமான்களும் புகைப்படத்தில் விழும். கிளெய்மை மறுக்க நிறுவனத்துக்கு அந்தப் படமே போதும்.

எதிரே வந்தவருக்கு அடிபட்டிருந்தால் நீதிமன்றம் அவரைக் கைவிடாது. நிறுவனத்தை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதிப்பது வழக்கமாகக் காணும் தீர்ப்புதான். அந்த உரிமையாளர் நீங்கள்.

மஞ்சள் போர்டுக்கு, அதாவது சரக்கு வாகனப் பதிவுக்கு, மாறினால் எவ்வளவு கூடும்?

வெள்ளை போர்டிலேயே ஓட்டும் ஆசை எங்கே பிறக்கிறது என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் தெரியும். மூன்றாம் நபர் (தேர்டு பார்ட்டி) பிரீமியத்தை நிறுவனங்கள் நிர்ணயிப்பதில்லை, மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்துக்கு 16,049 ரூபாய். வரி தனி. குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸும் இந்த இரண்டாவது வகையில்தான் வரும். ஏழரை டன் வண்டியும் ஒன்றரை டன் வண்டியும் ஒரே தொகையைக் கட்டுவது நியாயமா என்று கேட்டால், எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.

ராமநாதபுரம் நகருக்குள்ளேயே வேலை பார்ப்பவருக்கு நான் சொல்லும் வழி, மூன்று சக்கர சரக்கு ஆட்டோ. அதே அட்டவணையில் அதற்கு 4,492 ரூபாய்தான். எனக்குத் தரகு குறையும், பரவாயில்லை. ஆனால் பாம்பன் பாலம் தாண்டித் தினமும் ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு ஆட்டோவை நான் சொல்வதில்லை. அந்தப் பாலத்துக் காற்றில் மூன்று சக்கரத்தின் மேல் நீள ஏணி கட்டிப் போவது வேண்டாத வேலை.

மற்றச் செலவுகள் பயப்படும் அளவுக்கு இல்லை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆவது பிரிவே சொல்கிறது. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று மட்டும் கட்டாயம்: வண்டிக்கு 8 வயதாகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். லைசென்ஸுக்கும் தனி பேட்ஜ் வேண்டாம். இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது.

தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா, ஃபுல் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

சட்டம் கேட்பது தேர்டு பார்ட்டி மட்டும். அதுகூட இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அந்தப் பாலிசி எதிராளியின் உயிருக்கும் உடலுக்கும் உச்சவரம்பின்றிக் கொடுக்கும். எதிராளியின் பொருளுக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை. உங்கள் வண்டிக்கு ஒரு காசு வராது.

வண்டி கடனில் இருந்தால் வங்கியே ஃபுல் இன்சூரன்ஸ் கேட்கும். கடன் முடிந்த பத்து வயது வண்டி என்றால் தேர்டு பார்ட்டியோடு நிறுத்திவிட்டு, மிச்சமாகும் பணத்தைச் சாமான்களுக்கும் ஆட்களுக்கும் போடுங்கள் என்பது என் கருத்து. இந்தத் தொழிலில் பெரிய நஷ்டம் வண்டியில் வருவதைவிட ஏணியில்தான் வரும்.

ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தால் எல்லாமே கிடைக்கும் அல்லவா?

சரக்கு வாகனத்துக்கு இல்லை. கார் வைத்திருந்த அனுபவத்தோடு வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

வணிக வாகனப் பாலிசியில், வண்டி முழுவதும் நாசமானாலொழிய, விளக்குகள், டயர், டியூப், மட்கார்டு, பானட்டின் பக்கப் பாகங்கள், பம்பர், பெயின்ட் ஆகியவற்றுக்கு அடிப்படையில் பணம் கிடையாது. சிறு விபத்தில் முதலில் அடிபடுவதே இவைதான். இவற்றைச் சேர்க்க ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் இணைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதியில், சுமார் 15 சதவீதம் கூடும். அப்படிச் சேர்த்த பிறகும் இந்தப் பாகங்களின் மதிப்பிட்ட சேதத்தில் பாதியை நாம்தான் ஏற்க வேண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் நம் பங்காகப் பிடிக்கும் கட்டாயக் கழிவு ஒன்று உண்டு. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்குத் தேய்மானம் 50 சதவீதம். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். தேய்மானமே இல்லாமல் வருவது கண்ணாடி ஒன்றுதான். கண்ணாடித் தொழிலுக்கு அப்படியொரு சலுகை!

கடற்கரையில் நிறுத்தி வேலை பார்ப்பதால் வண்டியின் அடிப்பாகம் துருப்பிடித்துவிட்டது. கிளெய்ம் செய்யலாமா?

முடியாது. துரு, தேய்மானம், நாள்பட்ட பழுது எதற்கும் எந்த மோட்டார் பாலிசியும் கொடுக்காது. இன்சூரன்ஸ் என்பது திடீரென நடப்பதற்கு. உப்பு மெதுவாகத்தான் தின்னும்.

மறைமுக விளைவும் உண்டு. துருவால் பலவீனமான பகுதி சிறு இடியில் உடைந்தால், எது விபத்தால், எது துருவால் என்று சர்வேயர் பிரித்து எழுதுவார். தனுஷ்கோடி, அரிச்சல்முனை சாலையில் போய் வந்த மாலையே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். மழைக்காலத்துக்கு முன்பு அண்டர்கோட்டிங் என்ற துருத் தடுப்புப் பூச்சு அடித்து அந்த பில்லை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பராமரித்தீர்கள் என்பதற்கு அது சாட்சி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி மூழ்கினால்?

புயல், வெள்ளம், சூறாவளி எல்லாம் சொந்தச் சேதப் பகுதியில் பட்டியலிடப்பட்ட ஆபத்துகள். கிடைக்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருகாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போன நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளம் செய்த சேதம் வேறு, நீங்கள் சாவி போட்டதால் வந்த சேதம் வேறு என்று நிறுவனம் வாதிடும். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் இணைப்பு இல்லாவிட்டால் அந்த வாதம் பெரும்பாலும் ஜெயிக்கும். உங்கள் வகை வண்டிக்கு அந்த இணைப்பைத் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். எல்லா நிறுவனமும் சரக்கு வாகனத்துக்குத் தருவதில்லை.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட நாளில் படம் எடுங்கள், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், வண்டியை இழுத்துச் செல்ல ஆள் கூப்பிடுங்கள்.

வண்டிக்குள் இருக்கும் சாமான்களும் வண்டிப் பாலிசியில் வராதா?

வராது. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளாமல் ஏமாந்தவர்கள்தான் அதிகம். மோட்டார் பாலிசி வண்டியையும் அதில் நிரந்தரமாகப் பொருத்தி, மதிப்புச் சொல்லிச் சேர்த்த பாகங்களையும் மட்டுமே காக்கும். ரப்பர் வைப்பர், அலுமினிய ஏணி, பிரஷர் வாஷர், தண்ணீரை மேலே கொண்டுபோகும் நீளக் கோல், உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம் எல்லாம் அதற்கு வெளியே.

இந்த மாவட்டத்துத் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும் என்பதால், சுத்திகரித்த தண்ணீருக்கே பலர் கணிசமாகச் செலவழிக்கிறார்கள். ஒரு சிறு தொழிலில் வண்டிக்கு அடுத்து விலை உயர்ந்தது அந்த இயந்திரமும் கோலும்தான். அவற்றுக்கு இரண்டு விதமான பாலிசிகளை யோசிக்க வேண்டும்.

முதலாவது, இடம் மாறிக்கொண்டே இருக்கும் சாமான்களுக்கான 'ஆல் ரிஸ்க்' பாலிசி. ஒவ்வொரு பொருளையும் பெயர், வரிசை எண், விலையோடு பட்டியலிட்டுத் தர வேண்டும். தவறி விழுந்து உடைவது, திருட்டு, தீ எல்லாம் இதில் வரும். மோட்டார் எரிந்துபோவது, துரு, தேய்மானம் வராது. பெயரில் 'எல்லா ஆபத்தும்' என்று இருந்தாலும் விதிகள் பெயரைப் போலத் தாராளமானவை அல்ல. வண்டியிலிருந்து திருடு போனால், முழுவதும் மூடிய வண்டியாக இருந்து, எல்லாக் கதவும் ஜன்னலும் பூட்டப்பட்டிருந்தால்தான் பணம் என்ற நிபந்தனை இந்தப் பாலிசிகளில் பரவலாக உண்டு. தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிய குட்டி யானை இந்த நிபந்தனையில் தேறாது. பின்புறம் மூடிய பெட்டி கட்டிய வண்டியை வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, சாமான்கள் இரவில் கிடக்கும் அறைக்கோ ஷெட்டுக்கோ எடுப்பது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசி, ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கானது. தீ, புயல், வெள்ளம் அதில் அடக்கம். வெறும் திருட்டு அடக்கம் இல்லை. தீயோ புயலோ தாக்கி, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான் வரும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனியாக 'பர்க்லரி' பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் கதவையோ பூட்டையோ உடைத்த அடையாளம் கேட்பார்கள். கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவருக்கு அதில் இடமில்லை.

சாமான்களின் மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் மிச்சம்தானே?

ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள சாமான்களை 50,000 ரூபாய்க்குப் பதிவு செய்திருக்கிறீர்கள், 20,000 ரூபாய்க்குச் சேதம் என்று வைத்துக்கொள்வோம். பதிவு பாதி என்பதால் 10,000 ரூபாய்தான் தருவார்கள். மேலே சொன்ன சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். மற்றவற்றில் அந்தத் தாட்சண்யத்தை எதிர்பார்க்க வேண்டாம். பாலிசியில் பதியும் வண்டி மதிப்பான ஐ.டி.வி.யும் இப்படித்தான். வண்டியே போய்விட்டால் அந்தத் தொகைதான் உச்சம். இரண்டு வயது முடிந்த வண்டிக்கு, கம்பெனி விலையில் 30 சதவீதம் கழித்த தொகையே முறையான ஐ.டி.வி. அதற்குக் கீழே இறக்கி மிச்சம் பிடிக்கும் பிரீமியம் நான்கு ஒப்பந்தம் வாங்கித் தராது.

மேலே தண்ணீர்த் தொட்டி, ஏணித் தாங்கி எல்லாம் பொருத்தியிருக்கிறேன். சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். சொல்லாத பொருத்துகளுக்குப் பணம் இல்லை. 500 லிட்டர் தொட்டி நிறைந்தால் அரை டன் எடை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) எழுதிய எடையைத் தாண்டிய வண்டி விபத்துக்குள்ளானால் பேச்சு வேறு திசையில் போகும்.

ஏணி பறந்து யார் மீதாவது விழுந்தால்? லாட்ஜ் கண்ணாடி உடைந்தால்?

இரண்டும் வெவ்வேறு கதைகள்.

ஓடும் வண்டியிலிருந்து ஏணி கழன்று பின்னால் வந்த பைக் மீது விழுந்தால் அது வண்டியைப் பயன்படுத்தியதால் விளைந்த விபத்து. தேர்டு பார்ட்டி பாலிசியில் வரும். பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். பக்கத்துச் சாலைப் பாலத்தில் உங்கள் ஏணியை நிறுத்தி வைக்க யாரும் வர மாட்டார்கள், இரண்டு கயிறு கூடுதலாகக் கட்டுங்கள்.

வண்டியை நிறுத்தி, ஏணியைச் சுவரில் சாத்தி, வேலை பார்க்கும்போது அது சரிந்து கீழே போன பக்தர் மீது விழுந்தால் மோட்டார் பாலிசி ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பொதுப் பொறுப்புப் பாலிசி வேண்டும். ராமேஸ்வரத்தில் ரத வீதிகளை ஒட்டி வேலை எடுப்பவருக்கு இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். அமாவாசை நாளில் அங்கே ஏணி வைக்க இடம் கிடைப்பதே அதிசயம், ஆளில்லாத இடத்தில் விழ அதற்கு வழியே இல்லை. விண்ணப்பத்தில் எத்தனை மாடி உயரத்தில் வேலை, கயிற்றில் தொங்கிச் செய்வதுண்டா என்பதை உள்ளபடி எழுதுங்கள். இரண்டு மாடி என்று எழுதிவிட்டு ஐந்தாவது மாடியில் தொங்கினால் பாலிசி கீழேயே நின்றுவிடும்.

இனி, கீறல். பொறுப்புப் பாலிசிகளில் 'வேலை செய்துகொண்டிருக்கும் பொருள்' என்றொரு விலக்கு இருக்கும். நீங்கள் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியிலேயே விழுந்த கீறலுக்குப் பணம் வராது. பக்கத்தில் நின்ற கார் மீது வாளி விழுந்தால் வரும். இந்த விலக்கைத் தளர்த்தும் இணைப்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் கையாலேயே காத்துக்கொள்ள வேண்டும். இங்கே கண்ணாடியில் காய்ந்து கிடப்பது உப்பும் மணலும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்டதுபோல் கோடு விழும். முதலில் தாராளமாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து இறக்கிய பிறகுதான் துணியோ வைப்பரோ. தொடங்குவதற்கு முன்பு ஒவ்வொரு கண்ணாடியையும் படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறல்களை ஒரு தாளில் எழுதி, லாட்ஜ் மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். தயங்குகிற மேலாளர் இருந்தால், பிற்பாடு புது கண்ணாடி கேட்கப்போகிறவர் அவரே என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை செய்யும் பையன்களுக்கு என்ன செய்ய வேண்டும்?

வண்டி இன்சூரன்ஸைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கடைசியில்தான் கேட்கிறார்கள்.

வேலையின்போது ஆள் விழுந்து இறந்தால் முதலாளி தர வேண்டிய இழப்பீட்டுக்கு 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு கணக்கு வகுத்தது: மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. 15,000 ரூபாய் சம்பளம் என்றால் 15,59,850 ரூபாய். இதை இரண்டு ஏணியும் ஒரு பழைய வேனும் உள்ள தொழில் தாங்காது. தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி இந்தப் பொறுப்பை ஏற்கும். 'உயரத்தில் வேலை' என்று சொல்லியே எடுங்கள், 'துப்புரவு' என்று மட்டும் போட்டுக் கட்டணத்தைக் குறைக்கும் முகவரை நம்பாதீர்கள்.

இதோடு, வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் ஒவ்வொருவரையும் சேர்த்துவிடுங்கள். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். இருபது ரூபாய்க்கு யோசிப்பவரிடம் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

ஆட்களைச் சரக்குத் தளத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஏற்றிய ஒவ்வொருவருக்கும் பணம் தர மறுத்து நிறுவனம் வழக்காடும். மற்றவர்கள் பஸ்ஸில் வரட்டும்.

வண்டி உங்கள் பெயரில் இருந்து நீங்களே ஓட்டினால், உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மோட்டார் பாலிசியோடு வரும். உங்கள் லைசென்ஸ் காலாவதியானால் அதுவும் செல்லாது.

பாலிசியைப் புதுப்பிக்க மறந்துவிட்டால்?

நள்ளிரவோடு பாதுகாப்பு நின்றுவிடும், சலுகை நாள் எதுவும் இல்லை. 90 நாட்களுக்குள் புதுப்பித்தால் நோ கிளெய்ம் போனஸ் மட்டும் தப்பும். 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை சேரும் தள்ளுபடி அது. வண்டியை மறுபடி சோதனைக்குக் காட்ட வேண்டியிருக்கும். காசோலை கொடுத்து அது திரும்பிவிட்டால் பாலிசியே இல்லை, பணம் வராமல் ஆபத்தை ஏற்கக் கூடாது என்று 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டமே தடுக்கிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய பிறகு போன் செய்து 'இப்போதே போட்டுவிடுங்கள்' என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அந்த நேரத்தில் நிறுவனங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும். புரட்டாசியிலேயே வாருங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் என்ன வழி?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ திருப்தி இல்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. திருட்டு கிளெய்ம் என்றால் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் ரசீதோடு நிற்காமல் எஃப்.ஐ.ஆர். போட வையுங்கள். பொருளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் கைக்கு வரும் வரை கோப்பு நகராது.

பழைய வேன் ஒன்றை வாங்கப்போகிறேன். அதன் பாலிசி இன்னும் எட்டு மாதம் ஓடும் என்கிறார்கள். அது எனக்குப் பயன்படுமா?

தேர்டு பார்ட்டிப் பகுதி வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். சொந்தச் சேதப் பகுதி அப்படி வராது. பெயர் மாற்றத்துக்கு 14 நாட்களுக்குள் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு வண்டியின் அடியில் படுத்து சேஸிஸைப் பாருங்கள். ராமேஸ்வரம் தீவில் மீன் பெட்டி ஏற்றி ஓடிய வண்டி என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.